மெஷின் நின்ற நாட்கள்

கவரைப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தணிகாசலத்தின் பட்டறை இருந்தது. பட்டறை என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. நாலு தகரம், ஒரு பெஞ்சு, பின்பக்கம் ஒரு கயிற்றுக் கட்டில். பம்புசெட்டு ரிப்பேருக்குச் சுற்றுவட்டாரத்தில் அவனை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் வருகிறவர்கள் யாரும் உட்கார மாட்டார்கள். மோட்டாரை இறக்கி வைப்பார்கள், எப்போது வரட்டும் என்பார்கள், போய்விடுவார்கள். மனைவி எல்லம்மா செத்துப்போனதிலிருந்து அடுப்பையும் மூடிவிட்டான். ஸ்டேஷன் எதிரே இருந்த ஓட்டலில் இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டுவிட்டு வருவான். சில நாட்களில் சாயங்காலம் பீடிக்கு நெருப்புக் கேட்கும்போதுதான் அன்றைக்கு முதல் வார்த்தை பேசுகிறோம் என்பது நினைவுக்கு வரும்.

இப்படி இருந்தவனை எழுபத்திரண்டாம் வருஷம் ஒரு மெஷின் வந்து மாற்றியது. எண்ணூர்ப் பக்கம் கம்பெனிகள் வந்து, ஊர் ஆண்களில் பாதிப்பேர் காலை வண்டி ஏறிவிட்டார்கள். கதிரடிக்க ஆள் இல்லை. சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்கிற அப்பாவு ரோசப்பட்டுக்கொண்டு, டீசல் என்ஜினில் ஓடும் கதிரடிக்கிற மெஷின் ஒன்றை வாங்கிக் களத்தில் நிறுத்தினார். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. மெஷினும் சும்மா சொல்லக்கூடாது, கதிரை வாங்கி நெல்லாகத் துப்பியது. ஒரு மணி நேரம் போல ஓடியது. அப்புறம் இருமியது. அப்புறம் நின்றுவிட்டது.

அப்பாவுவின் பண்ணையாள் வரதன் சைக்கிளை மிதித்துக்கொண்டு பட்டறைக்கு ஓடிவந்தான். தணிகாசலம் போனான், மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்த்தான், குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியே விட்டான், ஸ்டார்ட் செய்தான். ஓடியது. கைகழுவிவிட்டுக் கிளம்பினான். மறுநாள் மறுபடியும் வரதன். அதற்கு மறுநாளும் வரதன். பில்டர் மாற்றினான், நாசிலைக் கழற்றிக் கழுவினான், பம்பைப் பிரித்துப் பூட்டினான். சோழவரத்தில் ரேஸ் விடுகிறவன்கூட என்ஜினை இத்தனை தடவை திறந்திருக்க மாட்டான். திறந்தால் ஓடும், ஓடினால் நிற்கும். என்ன சனியன் இது என்று அவனுக்கே புரியவில்லை.

மெஷின் நின்றால் களத்தில் ஓர் அமைதி வரும். கட்டுத் தூக்கும் பெண்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலையைப் பிரிப்பார்கள். அப்பாவுவின் மனைவி பூவம்மாள் தூக்குச் சட்டியோடு வருவாள். அவள்தான் அந்த வீட்டின் கை, கால் எல்லாம். அப்பாவு வாய் மட்டும்.

"இன்னாண்ணா, காத்தாலேர்ந்து நாஷ்டா துன்னியா இல்லியா? மூஞ்சி வாடிக் கீது. மொதல்ல துன்னு, அப்பறமா அத்தக் கட்டினு அழு."

யாரும் அவனை அண்ணா என்று கூப்பிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. கேழ்வரகுக் கூழும் கருவாடும் தின்றுகொண்டே அவன் பேசினான். எல்லம்மா வைக்கும் குழம்பைப் பற்றிப் பேசினான், ராணிப்பேட்டையில் தொழில் பழகிய கதையைச் சொன்னான். பச்சையம்மா என்ற கிழவி அவன் காதைப் பார்த்து, "இம்மாம் பெரிய காதை வெச்சினு மெஷினுக்கு இன்னா நோவுன்னு கேக்கலியா ஒனக்கு?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். தன் சிரிப்புச் சத்தமே அவனுக்குப் புதிதாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் மூடி கைதவறி வைக்கோலில் விழுந்தது.

அந்த மூடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூவம்மாள் தினமும் காலையில், என்ஜினைச் சுற்றிவிடும் முன்பு, மஞ்சளையும் சந்தனத்தையும் கெட்டியாகக் குழைத்து மெஷினுக்குப் பொட்டு வைப்பாள். மெஷினுக்குத் தலை எது? உச்சியில் இருக்கிற டீசல் டேங்கு மூடிதான் தலை என்று அவளே தீர்மானித்திருந்தாள். அதன் நடுவில் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் மற்ற வேலை. கற்பூரம்கூடக் காட்டிக்கொண்டிருந்தாள், டீசலுக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம் தாயே என்று அதை நிறுத்தியது தணிகாசலம்தான். பொட்டு கலைந்தால் அவள் மனசு கஷ்டப்படும் என்று, ஒவ்வொரு தடவையும் மூடியை விளிம்பில் பிடித்துப் பதமாகத் திறந்து, பதமாக மூடியதும் அவன்தான்.

விழுந்த மூடியை எடுத்துப் பார்த்தான். காய்ந்த சந்தனம் ஒரு பக்கம் பெயர்ந்திருந்தது. அதற்கடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

அவனுக்குப் பகீரென்றது. டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அது போவதற்குத்தான் அந்த ஓட்டை. அது அடைத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் டீசல் இறங்காது, என்ஜின் நிற்கும். மூடியைத் திறந்தால் காற்று போகும், ஓடும். மூடினால் மறுபடி நிற்கும். பதினெட்டு வயசுப் பையனுக்குத் தெரிகிற விஷயம். பக்தியாக விளிம்பைப் பிடித்துத் திறந்தவனுக்குத் தெரியவில்லை.

சொல்லிவிடலாம் என்று திரும்பினான். வாயும் திறந்துவிட்டது. மரத்தடியில் பூவம்மாள் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ண்ணா, வா. ஒனக்கோசரம் எறா தொக்கு வெச்சிகிறேன். ஆறிப்பூடும்."

மெஷின் ஓடிவிட்டால் இந்தத் தட்டு கிடையாது. அவனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. பெயர்ந்த சந்தனத்தை எச்சில் தொட்டு இருந்த இடத்திலேயே வைத்து அழுத்தினான். மூடியை மூடினான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனான்.

அதன் பிறகும் வரதன் வந்துகொண்டிருந்தான். தணிகாசலம் காலையிலேயே குளித்துவிட்டு, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். தூரத்தில் என்ஜின் சத்தம் கேட்கும். அது நிற்கும். அவன் சைக்கிளைத் துடைக்க ஆரம்பிப்பான். செய்வது அயோக்கியத்தனம் என்று தெரியாமல் இல்லை. இன்னும் ஒரு நாள், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தான்.

ஆவணி மழை அவனுக்காகக் காத்திருக்குமா? ஒரு சாயங்காலம் பழவேற்காட்டுப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து ஊற்றித் தள்ளியது. களத்தில் அடிக்காமல் கிடந்த கட்டுகளில் பாதி நனைந்துவிட்டது.

மறுநாள் வரதன் வரவில்லை. தணிகாசலம் தானாகவே போனான். பெண்கள் ஈரக் கட்டுகளைப் பிரித்துப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பூவம்மாள் மெஷினுக்குப் பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். பொட்டு வைத்து முடித்திருந்தாள்.

"இன்னும் ரெண்டு நாளு இப்பிடியே கெடந்தா எல்லாம் மொளச்சிடும்ணா. வூட்டுக்காரரு மெஷினத் திருப்பிக் குடுத்துடறேன்றாரு." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "எனக்குத் தெரியும். எங்கை ராசியில்லாத கை. நான் தொட்ட எது வெளங்கிச்சி? மூணு புள்ளைய இந்தக் கையாலதான் குழில போட்டேன். இதுவும் நான் தொட்டுத்தான் நின்னுபோவுது."

தணிகாசலம் மூடியைப் பார்த்தான். அவள் சொன்னது நிஜம். அவள் நினைத்த விதத்தில் இல்லை, அவ்வளவுதான். இப்போது போய், ஆமாம் தாயே, உன் பொட்டுத்தான் அடைத்துக்கொண்டிருந்தது என்று எந்த வாயால் சொல்வது? பத்து நாளைக்கு முன்னால் சொல்லியிருந்தால் அது மரத்தடியில் சிரிக்கிற விஷயம். அதைச் சொல்ல விடாமல் பண்ணியது அவனுடைய வயிறு. வயிறுகூட இல்லை. அந்த 'அண்ணா'தான்.

"கையும் இல்ல, காலும் இல்லம்மா. மூடில வாஷர் போயிடுச்சி. நாந்தான் பாக்காம வுட்டுட்டேன். தப்பு எம்மேல" என்றான்.

"நெசமாவாண்ணா?"

"எல்லம்மா மேல சத்தியமா தப்பு எம்மேலதான்."

மூடியைப் பட்டறைக்குக் கொண்டுபோனான். பொட்டின் மேல் கை படாமல், மூடியின் பக்கவாட்டில், யார் கண்ணுக்கும் படாத மடிப்பில், டிரில்லில் மெல்லிய பிட்டைப் போட்டு ஓர் ஓட்டை துளைத்தான். பிசிறை ஊதினான். திரும்பப் போய் மூடியைப் போட்டு என்ஜினைச் சுற்றிவிட்டான். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்றான். என்ஜின் நிற்கவில்லை. பூவம்மாள் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். ஈரக் கட்டுகளை முதலில் ஊட்டச் சொல்லி, அவளே இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவன் கிளம்பியதை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலையில் வழக்கம்போலக் குளித்துவிட்டு உட்கார்ந்தான். தூரத்தில் என்ஜின் கிளம்பியது. காது கொடுத்துக்கொண்டே இருந்தான். மெயில் வண்டி போனது, கேட்டு திறந்தது, வெயில் தகரத்தில் ஏறியது. சத்தம் நிற்கவில்லை. அதற்கடுத்த நாளும் நிற்கவில்லை. யாரோ ஒரு பம்புசெட்டை இறக்கி வைத்துவிட்டு எப்போது வரட்டும் என்று கேட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு, பார்த்துவிட்டு வரலாம் என்று போனான். களம் தூசியில் மிதந்தது. நெல் மழமழவென்று கொட்டிக்கொண்டிருந்தது. மெஷின் நிற்காததால் புளியமரத்தடியில் யாரும் இல்லை. இரண்டிரண்டு பேராக ஓரமாய் நின்று தின்றுவிட்டு ஓடிவந்தார்கள். மூடியில் பொட்டு புதுசாக, ஈரமாக இருந்தது.

பூவம்மாள் அவனைப் பார்த்துவிட்டாள். தலையில் கதிர்க்கட்டு, முகமெல்லாம் சிரிப்பு. "இன்னாண்ணா?" என்று அவள் கேட்டது உதட்டில் தெரிந்தது, காதில் விழவில்லை.

"சும்மாதாம்மா. பாத்துட்டுப் போலாம்னு" என்றான்.

அவளுக்கும் கேட்கவில்லை. காதுப்பக்கம் கையைக் குவித்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பின்னால் கட்டோடு வந்தவள் வழி கேட்டுக் கத்தினாள். தணிகாசலம் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான். பூவம்மாளும் மூடியைக் காட்டி, அவனைக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மெஷின் பக்கம் திரும்பினாள்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு வரும்வரை அந்தச் சத்தம் கூடவே வந்தது. பட்டறையில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பம்புசெட்டைப் பெஞ்சில் தூக்கி வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு நிமிஷம் காது கொடுத்து நின்றான். என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.