இறகும் கறுப்புப் பையும்

மனித குலத்தின் வரலாறு என்பது சுமையை இறக்கி வைத்த வரலாறு. அறுபத்திரண்டு பக்க விளக்கக்காட்சியின் முதல் பக்கத்தில் இந்த வாக்கியத்தைப் போட்ட கையோடு, வலது தோளில் தைலம் தேய்த்துவிடும்படி மனைவியைக் கூப்பிட்டார் மேலாளர்.

"தொள்ளாயிரம் கிராம்தான்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கீங்க. அப்புறம் இந்தத் தோளுக்கு என்னதான் வந்துச்சு?"

"லேப்டாப் தொள்ளாயிரம்தான். மத்ததெல்லாம் சேர்ந்துதான்…"

மற்றதெல்லாம் ஒரு கறுப்புப் பையில் இருந்தன. 'இறகு' என்று நிறுவனம் பெயர் சூட்டியிருந்த அந்த மடிக்கணினியின் உடம்பில் கம்பி சொருக ஒரே ஒரு துளைதான். ஆகவே பென்டிரைவுக்கு ஓர் இணைப்பான், ப்ரொஜெக்டருக்கு ஒன்று, மௌஸுக்கு ஒன்று, இவற்றையெல்லாம் சேர்த்துச் சொருக ஒரு தடித்த பெட்டி, அந்தப் பெட்டிக்குத் தனி சார்ஜர். சமையலறைத் தராசில் ஒருமுறை அந்தப் பையை வைத்துப் பார்த்தார். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தராசு கெட்டுப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இறகு விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்று நாளைக் காலை பதினோரு மணிக்கு அவர் எம்டியிடம் சொல்ல வேண்டும். காரணம் அவருக்குத் தெரியும். போன வாரம் கடையொன்றில் வாடிக்கையாளர் மாதிரி நின்றபோது, விற்பனைப் பெண் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்: "எல்லாரும் தூக்கிப் பாப்பாங்க சார், 'அட, பூ மாதிரி இருக்கே'ம்பாங்க. அடுத்து ஓரமா திருப்பிப் பார்த்துட்டு, 'எதையும் சொருக முடியாதா'ன்னு கேப்பாங்க. அதோட சரி. பக்கத்துல இருக்கற தடியன வாங்கிட்டுப் போயிடுவாங்க."

தெரிந்ததைச் சொல்வதில்தான் சிக்கல். துளைகளை ஒழித்தவர் எம்டி. 'துளை என்பது பழமையின் தழும்பு' என்று மேடையேறிப் பேசி, கைதட்டல் வாங்கி, அந்தக் காட்சியின் படத்தைத் தன் அறையில் மாட்டி வைத்திருப்பவர். "ரெண்டு துளையாவது திரும்ப வெச்சா வாங்குவாங்க சார்" என்று சொன்ன முந்தைய மேலாளர், இப்போது ஜன்னலில்லாத கிடங்கில், திரும்பி வந்த கீபோர்டுகளில் எந்த எழுத்து வேலை செய்யவில்லை என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனவே அறுபத்திரண்டு பக்கத்தில் துளையைத் தவிர எல்லாம் இருந்தது. விளம்பரத்தின் இசை, அட்டைப்பெட்டி திறக்கும்போது வரும் சத்தம், நிறம்.

மறுநாள் காலையில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார்; மனைவி கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். அலுவலகம் போய்ச் சேரும் வரை, ஏதோ குறைகிறது என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. பயம்தான் என்று நினைத்தார்.

கூட்ட அறையில் எம்டியைத் தவிர, மேலாளரோடு சேர்த்து ஒன்பது பேர். எம்டி இறகை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "பாருங்கய்யா, காத்த மடிச்சு வெச்ச மாதிரி இருக்கு! இதப் போய் வேணாங்கறானே, அவன் மனுஷனா? சரி, ஆரம்பிங்க."

பழைய ப்ரொஜெக்டர், கம்பி இருந்தால்தான் பேசும். மேலாளர் குனிந்து தோள்பைக்குள் கைவிட்டார். துழாவினார். முழங்கை வரை உள்ளே போயிற்று. கறுப்புப் பை இல்லை.

"என்னய்யா, பைக்குள்ள புதையலா தேடறீங்க?"

"இல்ல சார்… ஒரு சின்ன இணைப்பு…"

"இங்க யார்கிட்டயாவது இருக்கா?"

ஒருவரிடமும் இல்லை. ஏனென்றால் ஒருவரிடமும் இறகு இல்லை. எல்லார் மடியிலும் வேறு வேறு தடியன்கள் மூடிக் கிடந்தன. அவற்றின் மேல் குறிப்பேட்டை வைத்து மறைத்துக்கொண்டார்கள்.

"ஒரு மீட்டிங் நடத்த முடியுதா உங்களால!" என்று எம்டி உதவியாளரைப் பார்த்தார். "என் ரூம்ல இருக்கறத எடுத்துட்டு வாம்மா."

அவள் ஒரு தடியனை இரண்டு கையாலும் தூக்கி வந்து வைத்தாள். மேஜை லேசாக அதிர்ந்தது. பக்கவாட்டில் வரிசையாக ஐந்து துளைகள். கம்பி ஒரே தள்ளலில் உள்ளே போய் உட்கார்ந்தது. மேலாளர் மின்னஞ்சலில் அனுப்பியதைத் திறந்ததும் சுவர் ஒளிர்ந்தது: மனித குலத்தின் வரலாறு என்பது சுமையை இறக்கி வைத்த வரலாறு.

அவருடைய போன் மேஜையில் துடித்தது. மனைவி. 'கறுப்புப் பைய பீரோல எடுத்து வெச்சிட்டேன். இப்ப தோள் வலி எப்படி இருக்கு?'

வலி இல்லை. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"சொல்லுங்க," என்றார் எம்டி. "ஏன் விக்கல? ஒரே வரில."

ஒன்பது பேரின் கண்களும் அந்த ஐந்து துளைகளின் மேல் போய், சட்டென்று சுவருக்குத் திரும்பின. மேலாளர் வாயைத் திறந்தார்.

"நிறம் சார்," என்றார்.

மற்ற எட்டுப் பேரும் குறித்துக்கொண்டார்கள். எம்டியின் கணினி மூடியில் அவர்களுடைய நிறுவனத்தின் சின்னம் ஒட்டியிருந்தது. அதன் ஒரு மூலை பிரிந்து, அடியில் வேறொரு நிறுவனத்தின் சின்னம் தெரிந்தது.