மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை

நஜ்முன்னிசா சோப்பு நுரையைக் குழைத்துக் குழைத்துப் போட்டும் அந்த ஒற்றை வளையல் மட்டும் கழலுவேனா என்றது. மணிக்கட்டு எலும்பில் வந்து உட்கார்ந்துகொண்டு அசையவில்லை. ஹலீமா தன் கையை அவள் மடியில் கொடுத்துவிட்டு, வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோடு கழற்றியாயிற்று, கருகமணி கழற்றியாயிற்று, வெள்ளைச் சேலையும் கட்டியாயிற்று. இது ஒன்றுதான் பாக்கி.

"நேத்துலேர்ந்து பச்சைத் தண்ணி இறங்கல, கை மட்டும் எப்படித்தான் வீங்குதோ. வலிக்குதா புள்ள?"

"இல்ல லாத்தா."

வலிக்கத்தான் செய்தது. ஆனால் எது எங்கே வலிக்கிறது என்று பிரித்துச் சொல்லும் தெம்பு அவளிடம் இல்லை. நஜ்முன்னிசா கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். தோலையும் கொஞ்சம் வழித்துக்கொண்டு வளையல் வந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் கூடத்தில் ஹலீமாவின் புருஷன் அலி அக்பர் கிடந்தான். நேற்றுக் காலையில் வீட்டு வாசலிலேயே வேன் மோதி, ராத்திரி ஆஸ்பத்திரியில் போய்விட்டான். அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மையத்தைக் கொடுத்தார்கள். அதற்குள் உச்சிப் பொழுதாகிவிட்டது. குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குத் தூக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டும் பக்கத்து வீட்டில் இருந்தன.

வாசலில் ஆண்கள் பேசுவது இங்கே கேட்டது. நாட்டுக்குப் புதுசாகக் கிடைத்த சுதந்திரத்துக்குக் கட்டிய தோரணம் மழையில் நனைந்து சாயம் போனதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, சைக்கிள்காரன் குறுக்கே விழுந்தானாமே என்றார்கள்.

ஹலீமா திரைப்பக்கம் திரும்பினாள்.

குறுக்கே விழுவதாம்! அலி அக்பர் கை காட்டாமல் திரும்பின நாளே கிடையாது. முன்னே பின்னே ஒரு கோழிகூட இல்லாத சந்தில்கூடக் கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் திரும்புவான். "யாருக்கு பாய் சலாம் வைக்கிறீங்க?" என்று காஜா பெராங் தெருவே கேலி செய்யும். அவளும்தான் செய்திருக்கிறாள். "நமக்கு நாமளே ஒழுங்கா இருக்கணும்ல," என்பான். அப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி. நேற்றும் கையை நீட்டினான். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன்காரனையும் பார்த்தாள். பிஸ்கட் கம்பெனி வேன். ஓட்டுகிறவன் பெயர் மருதமுத்து. ஒரு கடையில் வாங்கிய ஆர்டரை அடுத்த கடைக்குப் போகிற வழியிலேயே எழுதிவிடுவான். ஸ்டீரிங்கின்மேல் ஓர் அட்டை, கையில் பென்சில், தலை குனிந்திருக்கும். "பரீட்சை எழுதுறான்டா" என்று தெருவே சிரித்திருக்கிறது. நேற்று மோதும்வரை அவன் தலை நிமிரவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. அடித்தேன், சைக்கிள்காரர்தான் கவனிக்கவில்லை என்று போலீஸ் மாத்தாவிடம் சொல்லியிருக்கிறான். போலீஸ்காரர்கள் ஆஸ்பத்திரியில் ஆண்களிடம் மட்டும் விசாரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவளை ஒருத்தரும் கேட்கவில்லை.

சமையற்கட்டுப் பின்வாசலில் யாரோ கனைத்தார்கள். பக்கத்து வீட்டு ஜெயபாலன். பண்டார் ஹிலிரில் ஒரு லாயரிடம் கிராணி, குமாஸ்தா வேலை. வேட்டியைக் கட்டினாலும் பேச்சில் கோட்டு போட்டுக்கொண்டிருப்பார்.

"உள்ள வரல தங்கச்சி, இங்கேருந்தே சொல்றேன். காலையில என் வீட்டுக்காரிகிட்ட என்னமோ சொன்னீங்களாமே, பென்சில் வச்சிருந்தான்னு. நெஜமா?"

"எங்கண்ணால பாத்தேன்ணே."

"அப்ப கேளுங்க. இதுல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு போலீஸ் கேஸு, அது கவர்மெண்டு போடுறது. தண்டனை ஓட்டினவனுக்கு. இன்னொண்ணு நஷ்ட ஈட்டுக் கேஸு. அது நீங்க போடணும், உங்களுக்கும் புள்ளைங்களுக்கும். அந்தக் காசு மருதமுத்து பாக்கெட்டுலேருந்து வராது, பாவம் அவங்கிட்ட என்ன இருக்கு. வேனுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, அவங்க குடுக்கணும். ஆனா தப்பு அவன் மேலன்னு நிரூபிக்கணும்."

"நான் சொல்றேன்ணே."

"நீங்க சொன்னா, புருஷனுக்காகப் பேசுறாங்கன்னு எதிர் லாயர் அடிப்பான். கூட இன்னொரு ஆள் வேணும். தெருவுல கேட்டுப் பாத்துட்டேன். பாத்தவன் ஒருத்தன் இல்ல. எல்லாரும் அந்த நேரம் கண்ணை மூடிக்கிட்டு இருந்திருக்கானுங்க." ஜெயபாலன் சலித்துக்கொண்டார். "இன்னொரு விஷயம். இன்னைக்குக் கூட்டத்துல, மன்னிச்சிட்டோம் அது இதுன்னு வாயை விட்டுறாதீங்க. நாளைக்கு அதையே புடிச்சிக்குவானுங்க."

"நான் நாலு மாசம் பத்து நாள் இத்தாவுல உக்காந்துட்டா வெளிய வர முடியாதே?"

"கேஸு கோர்ட்டுக்கு வர்றதுக்குள்ள உங்க இத்தா முடிஞ்சிடும் தங்கச்சி. நாடுதான் புதுசு, கோர்ட்டு பழைய கோர்ட்டுதான்."

அவர் போன சூட்டிலேயே தாவூத் திரைக்கு வெளியே வந்து நின்றார். அலி அக்பரின் அண்ணன், நஜ்முன்னிசாவின் புருஷன். தெங்கேராவில் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையில்தான் தம்பி வேலைக்கு நின்றான். அந்தக் கடைக்குத்தான் அந்த வேன் சரக்கு போடுகிறது.

"ஹலீமா, பிஸ்கட் கம்பெனி முதலாளி தவுக்கே ஆள் அனுப்பியிருக்கார். மருதமுத்துவும் வந்திருக்கான். மூலையில நின்னு அழுதுக்கிட்டிருக்கான். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு தாயே. மாத்தா, கோர்ட்டு, ஒரு எழவும் வேணாம்."

"அவரு குறுக்கே விழலை பெரிய மச்சான்."

"விழுந்தா என்ன, விழாட்டி என்ன? அல்லா நாடினது நடந்து போச்சு. உன்னையும் புள்ளைங்களையும் நான் நடுத்தெருவுலயா விடப்போறேன்?"

விடமாட்டார். அது ஹலீமாவுக்குத் தெரியும். சோறு போடுவார், ஒவ்வொரு கவளத்துக்கும் தம்பி கவனமில்லாமல் போய் விழுந்த கதையையும் சேர்த்துப் போடுவார். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே வளரும். நஜ்முன்னிசா கழற்றிய வளையலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தாவூத் பட்டப்பகலை ராத்திரி என்றால் எழுந்துபோய் விளக்கேற்றுகிறவள் அவள்.

முகம் மூடுவதற்குமுன் பெண்களை அழைத்தார்கள். ஹலீமா போய் உட்கார்ந்தாள். அத்தர் வாசனையை மீறி ஆஸ்பத்திரி மருந்து வாடை அடித்தது. நெற்றியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். தூங்கும்போதுகூட இவன் இவ்வளவு ஒழுங்காகப் படுத்ததில்லை என்று நினைத்தாள்.

"கல்யாணத்துக்கு அவரு தரவேண்டிய மஹரை மன்னிச்சேன்னு சொல்லிடு புள்ள," என்று நஜ்முன்னிசா காதோடு சொன்னாள். "கடனில்லாமப் போகட்டும்."

"மன்னிச்சேன். எல்லாத்தையும் மன்னிச்சேன் மச்சான். நீங்க எனக்கு என்ன குறை வச்சீங்க?" அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. நஜ்முன்னிசா அவளை அணைத்துத் தூக்கித் திரைக்கு இப்பால் கொண்டுவந்து உட்காரவைத்தாள்.

வெளியே தாவூத் குரலை உயர்த்தினார். "எந்தம்பி அலி அக்பர் யாருக்காச்சும் குடுக்கவேண்டியது இருந்தா எங்கிட்ட கேளுங்க. கைப்பிழை, வாய்ப்பிழை இருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிக்குங்க."

"மன்னிச்சோம், மன்னிச்சோம்," என்றது கூட்டம்.

"அதே மாதிரி, வண்டி ஓட்டின ஆளையும் நாங்க குடும்பத்தோட..."

"இருங்க தாவூத் பாய்." அது பள்ளிவாசல் லெப்பை. களைத்த குரல். "அதை நீங்க சொல்லக்கூடாது. அந்த உரிமை வாரிசுக்கு. பொண்டாட்டி சொல்லணும். புள்ளைங்க சின்னதுங்க."

"அவ ஒண்ணும் மாட்டேங்கல."

"அவங்க வாயால சொல்லட்டும்."

காலடிகள் திரையருகே வந்தன. தாவூதின் நிழலும் அதற்குப் பின்னால் இன்னொரு நிழலும் துணியில் விழுந்தன. "சொல்லு ஹலீமா. மையத்துக் காத்துக்கிட்டிருக்கு." இத்தனை பேர் தன் ஒரு வார்த்தைக்கு நின்றது அவள் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. சொல்லிவிட்டால் எல்லாரும் போய்விடுவார்கள், படுத்துக்கொள்ளலாம். அவ்வளவு அசதியாக இருந்தது.

"மருதமுத்து இருக்காரா?"

"இருக்கேன்க்கா." மூக்கடைத்த குரல். "எனக்கும் புள்ளைங்க இருக்குக்கா..."

"எம் புருஷன் கை காட்டினாரு. நீ ஹாரன் அடிச்சியா?"

யாரோ இருமினார்கள்.

"என் மஹரை மன்னிச்சேன். அது எனக்கு உள்ளது," என்றாள் ஹலீமா. "இது அவரு பேரு. அவரு புள்ளைங்களுக்கு உள்ளது. நீ நெஜத்தைச் சொல்ற வரைக்கும் நான் மன்னிக்க மாட்டேன். மாத்தா வந்தா நான் பாத்ததைச் சொல்லுவேன். கோர்ட்டு கூப்பிட்டாலும் போவேன். பெரிய மச்சான் கோவிச்சிக்கக் கூடாது. மையத்தை எடுங்க."

"பொம்பளைக்குப் புத்தி பேதலிச்சிருக்கு," என்றார் தாவூத்.

"எடுங்கப்பா, அஸருக்கு நேரமாச்சு," என்றார் லெப்பை.

கலிமாச் சத்தம் எழுந்தது. மையத்தைச் சுமந்த சந்தூக்கு வாசல் நிலையில் ஒருமுறை இடித்துத் திரும்பி வெளியே போனது. சத்தம் தெருமுனை தாண்டித் தேயும்வரை ஹலீமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி இந்த வாசற்படியைத் தாண்டக்கூடாது. வந்திருந்த பெண்களும் பின்வாசல் வழியாக ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். புருஷனின் அண்ணன் சொல்லைத் தட்டியவளிடம் சொல்லிக்கொண்டு போக ஒருத்திக்கும் வாய் வரவில்லை. நஜ்முன்னிசா மட்டும் கூடத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

முன்வாசலில் செருப்புச் சத்தம். மருதமுத்து போகவில்லை.

"அக்கா." அவன் உள்ளே பார்க்காமல் தெருவைப் பார்த்துப் பேசினான். "ஹாரன் அடிக்கலக்கா. எழுதிக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டப்புறந்தான் பாத்தேன்."

"இதை மாத்தாகிட்ட சொல்லுவியா?"

செருப்பு தரையில் தேய்ந்தது. "தவுக்கே வேலையை விட்டுத் தூக்கிடுவாருக்கா," என்றான். அப்புறம், "பாக்குறேன்க்கா," என்றான். பார்க்கமாட்டான் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. செருப்புச் சத்தம் சந்தைத் தாண்டிப் போய்விட்டது.

ஹலீமா திரையை விலக்கினாள். கூடம் அகலமாக இருந்தது. நஜ்முன்னிசா முதுகைக் காட்டிக்கொண்டு, சுருட்டிய பாயைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டினதையே அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"லாத்தா." கேட்கவே பயமாக இருந்தது. "அவன் சொன்னது... உங்களுக்குக் கேட்டுச்சா?"

நஜ்முன்னிசா பாயைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அது சரிந்தது. நிமிர்த்திவைத்துவிட்டு, தாவூத் போன தெருவைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"கேட்டுச்சு புள்ள," என்றாள். "ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு."

பிறகு முன்கதவைச் சாத்திவிட்டு, ஈரத் தரையைத் துடைக்க உள்ளே துணி தேடிப் போனாள்.