டாடி ஆட வேண்டிய பாட்டு

ஜாஸ்பருக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அக்கா ஜொவிட்டாவுக்குக் கல்யாணம். பெசன்ட் நகர் மாதா கோயிலில் பூசை முடிந்து, மாலையில் பக்கத்து மண்டபத்தில் ரிசப்ஷன். டிஜே இவன்தான். ஆறு வருஷமாக ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பாட்டுப் போட்டவனுக்குச் சொந்த அக்கா கல்யாணத்தில் பாட்டுப் போடப் பயமா? பயம்தான். எல்லாம் ஒரு வக்கீல் நோட்டீஸ் செய்த வேலை.

போன மாதம் அடையாறில் ஒரு மொட்டைமாடி ரெஸ்டாரன்டில் பாட்டுப் போட்டான். நரைத்த மீசைக்காரர் ஒருவர் ஸ்பீக்கரை நோக்கிப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். ரசிகர் என்று நினைத்து இவன் கையசைத்து வேறு வைத்தான், மகா புத்திசாலி! பத்தே நாளில் பாட்டுக் கம்பெனியிடமிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் பொது இடத்தில் பதினான்கு பாட்டுகள். எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு என்ற விவரத்தோடு. இன்னொரு முறை நடந்தால் கோர்ட்டுதான் என்றது கடைசி வரி. ரெஸ்டாரன்ட் முதலாளியோ, "நான் சோறு விக்கிறவன் நைனா, பாட்டு போட்டது நீ" என்று நழுவிவிட்டார்.

அன்றிலிருந்து யார் போனைத் தூக்கினாலும் இவன் விரல் வால்யூமைக் குறைக்கப் போனது. இந்தக் காலத்தில் போனைத் தூக்காதவர் யார்? ஆபத்துக்கு உதவட்டும் என்று, யாரும் உரிமை கொண்டாடாத இலவச இசையை இணையத்திலிருந்து இறக்கி வைத்துக்கொண்டான். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஒன்று போடுவார்களே, அந்த ரகம்.

ரிசப்ஷனில் முக்கியமான கட்டம் ஒன்று இருந்தது. கேக் வெட்டி முடிந்ததும் அப்பாவும் மகளும் ஆட வேண்டும். அப்பா அல்போன்ஸ் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். கோயிலில்கூட வாயை மட்டும் அசைப்பார். ஆனால் ஜொவிட்டா ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான். இரண்டு மாதம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகினார். தாளம் பிடிபடாததால் அடையாளம் வைத்துக்கொண்டார். புல்லாங்குழல் வந்தால் மகளை ஒரு சுற்று. வயலின் வந்தால் இரண்டு அடி பின்னால். வழி தெரியாதவர் கடைகளைப் பார்த்துப் பார்த்து பஸ்ஸிலிருந்து இறங்குவது மாதிரிதான்.

பாட்டு தொடங்கியது. அப்பா மகளின் கையைப் பிடித்தார். முதல் நாலு அடி பிசகவில்லை, கூட்டம் கைதட்டியது. ஜாஸ்பருக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், ஸ்பீக்கர் பக்கத்தில் அதே நரைத்த மீசை, தூக்கிப் பிடித்த போன்!

அக்கா கல்யாணத்தன்றுமா? யோசிக்க நேரமில்லை. விரல்கள் தாமாக ஓடின. அவன் தொழிலில் சுத்தம். ஒரு பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்று யாருக்கும் தெரியாமல் கலந்துவிடுவான். அப்படியே கலந்தான். இலவச இசை ஓடியது. பாட்டைக் கண்காணிப்பதே தொழிலான மீசைக்காரரைத் தவிர கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை.

அப்பா புல்லாங்குழலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. ஒரு அடி வைத்தார், நிறுத்தினார், மகளின் காலை மிதித்தார். யாரோ சிரித்தார்கள். வியர்த்த முகத்தோடு மகளின் நெற்றியில் முத்தமிட்டு, கூட்டத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மீசைக்காரர் நேராக ஜாஸ்பரிடம் வந்தார். "இன்னா தம்பி, நல்ல பாட்டு போய்க்கினு இருந்துச்சு. ஏன் நடுவுல மாத்திட்ட?"

"சார், நீங்க... அடையாறுல..."

"அது ட்யூட்டிப்பா. இது கல்யாணம். மாப்ள ஆதம்பாக்கத்துல எங்க பக்கத்து வீட்டுப் புள்ள. வீட்டுக்காரிக்கு உடம்பு முடியல, அவளுக்குக் காட்டத்தான் வீடியோ எடுத்துக்கினு இருந்தேன்." அவருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "அடப்பாவி, எனக்குப் பயந்தா மாத்துன? கல்யாண விசேஷத்துக்கு லைசென்ஸே வாணாம். சட்டத்துலயே கீது. நோட்டீஸ்ல நம்பர் இருந்துச்சே, ஒரு போன் அடிச்சுக் கேட்டிருக்கலாம்ல?"

ஜாஸ்பர் அப்பாவிடம் ஓடினான். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"டாடி, வாங்க. முதல்லேர்ந்து போடறேன்."

"வேணாம்டா." அவர் நிமிரவில்லை. "பாட்டு சரியாத்தான் ஓடிச்சு. நான்தான் எங்கேயோ விட்டுட்டேன். இத்தனை நாள் பழகியும் புத்தியில ஏறல. ஜொவிட்டாகிட்ட ஸாரி சொல்லிடு."

அப்படியே விட்டிருக்கலாம். மீசைக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஸாரியை அவனால் தாங்க முடியவில்லை.

"டாடி, அந்த வக்கீல் நோட்டீஸுக்குப் பயந்து நான்தான் பாட்டை மாத்தினேன்."

அப்பா அவனைப் பார்த்தார். கோபப்படுவார் என்றுதான் எதிர்பார்த்தான், படவில்லை.

"எனக்கு ஒரு சைகை காட்டியிருந்தா," என்றார், "நான் அப்பவே ஆட்டத்தை நிறுத்திட்டு வந்து உக்காந்திருப்பேனேடா."