எழுபதில் முளைத்த தூண்கள்

பவித்ராவுக்கு நான் போட்ட சைபரில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஆரணியில் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. அன்றைய தேர்வில் கிராஃப் தாளில் வட்டம் வரையச் சொல்லியிருந்தேன். எல்லாரும் வட்டம் போட்டார்கள். அவள் மட்டும் யாரோ மேலே ஏறி உட்கார்ந்ததுபோலச் சப்பையாக ஒன்றைப் போட்டிருந்தாள். காலேஜுக்கு வந்தும் வட்டம் தெரியாதா என்று எனக்கு எரிச்சல். சிவப்பு மையில் சைபர் போட்டு, “இந்த சைபராவது உருண்டையா இருக்கட்டும்” என்று வகுப்பில் நக்கல் வேறு அடித்தேன்.

இடைவேளையில் தாளோடு வந்து நின்றாள்.

“மேடம், கைப்பழக்கத்துல போட்டுட்டேன். எங்கப்பா பட்டுப் புடவைக்கு டிசைன் போடறாரு, நானும் கூட உக்காந்து போடுவேன். கிராஃப்ல ஒரு கட்டம்னா ஒரு இழை. நெட்டு இழை நெருக்கமா இருக்கும், குறுக்கு இழை அவ்ளோ நெருக்கம் கெடையாது. தாள்ல உருண்டையா போட்டா புடவைல முட்டையாட்டம் நீண்டுக்கும். அதான் சப்பையா போடுவோம். நெய்ஞ்சா வட்டமா வந்துடும்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அளவு மாறினால் படம் மாறும் என்று மூன்று வாரம் தொண்டை கிழியக் கத்தியவள் நான். அதைக் கையிலேயே வைத்திருந்தவளுக்குச் சைபர் போட்டவளும் நான்தான். நான் செய்யாறுக்காரி, பட்டு கட்டத் தெரியுமே தவிர அது எப்படி வருகிறது என்று தெரியாது. மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் முழு மதிப்பெண் போட்டேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமை மூன்று மணி வகுப்பை நான் ஆரம்பித்தேன். எந்தத் துறை மாணவரும் வரலாம். நடுவில் ஒரு படம் இருக்கும். முதல் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, பார்க்க வேண்டும், பார்த்ததை வரைய வேண்டும். பிறகு கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். அர்த்தமெல்லாம் அப்புறம். ஆரணிக்குப் பக்கத்துத் திருமலையில் இருக்கிற பழைய சமணக் குகை ஓவியத்தின் புகைப்படத்தை வைத்தபோது வேதியியல் பையன் சாயம் எங்கே உரிந்திருக்கிறது என்று பார்த்தான், இயற்பியல் பெண் ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து இறங்குகிறது என்று கண்டுபிடித்தாள். வரலாற்றுப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். இத்தனை வருடம் பாடம் நடத்தி நான் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை.

கல்லூரி முதல்வர் பன்னீர்செல்வத்துக்கு அது எல்.கே.ஜி. சமாச்சாரம். அந்த நேரத்தைப் போட்டித் தேர்வுப் பயிற்சிக்குக் கொடுக்க வேண்டும் என்பார். நானும் விடவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வருகிறது, அவர்கள் முன் நடத்திக் காட்டுங்கள், அவர்கள் மெச்சினால் வகுப்பு இருக்கும், இல்லாவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான் என்றார். அதோடு, “உங்க ரினியூவலும் வருது, ஞாபகம் வச்சுக்குங்க” என்றார்.

குழு வந்த அன்று நான் திருமலைப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். முதல்வர் அதைக் கையால் ஒதுக்கினார்.

“இந்த இடிஞ்சுபோன படம் எதுக்கும்மா? நம்ம பேனரையே வைங்க. பசங்க காலேஜைப் பத்தி நாலு நல்ல வார்த்தை பேசட்டும்.”

அது வாசலில் ஆளுயரத்துக்குத் தொங்குகிற பேனர். நான்கு ஆண்டுத் தேர்ச்சி விகிதத்தை நான்கு தூண்களாகப் போட்டிருக்கும். அதை உள்ளே கொண்டுவந்து மாட்டினார்கள். ஆனாலும் நான் விதியை மாற்றவில்லை. பிள்ளைகளைப் பத்து நிமிடம் பார்த்து வரையச் சொன்னேன்.

பிறகு குழுவின் தலைவி, கண்ணாடி போட்ட அம்மா ஒருவர், “என்ன தெரியுது?” என்று கேட்டார்.

பவித்ரா எழுந்தாள். “மொதல் தூண் ஒரு சாண் இருக்குங்க. கடைசித் தூண் நாலு சாண். பாத்தா நாலு மடங்கு வளந்த மாதிரி தெரியுது. ஆனா மேல எழுதியிருக்கறது எழுபத்தொண்ணு, எழுபத்திநாலு. மூணுதான் வித்தியாசம்.”

“அப்புறம் ஏன் அப்படித் தெரியுது?”

“அடியில எழுபதுல ஆரம்பிச்சிருக்காங்க. சைபர்ல ஆரம்பிச்சா இப்படி வரும்.” தான் வரைந்த தாளைத் தூக்கிக் காட்டினாள். நான்கு தூண்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன.

அந்த அம்மா தாளை வாங்கிப் பார்த்தார், சிரித்தார், எதையோ குறித்துக்கொண்டார். முதல்வர் முகம் கறுத்துப்போனது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது.

குழுவின் கார் வாசலைத் தாண்டியதும் முதல்வர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“மானம் போச்சும்மா. அந்தப் பொண்ணு, தப்பா பாத்துட்டேன்னு எழுதிக் குடுக்கணும். குழுவுக்கு அனுப்பிடறேன்.”

“அவ தப்பா பாக்கல சார்.”

“அப்ப நீங்க எழுதிக் குடுங்க. தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்னு. பேஜார் பண்ணாதீங்க, ஜல்தியா முடிங்க.” வெள்ளைத் தாளை மேஜையில் தள்ளினார்.

“அந்தப் பொண்ணு சரியா போட்டதுக்கு ஒரு தடவ சைபர் போட்டுட்டேன் சார். இன்னொரு தடவ போட மாட்டேன்.”

“மார்ச்சோட உங்க ஒப்பந்தம் முடியுது.”

“தெரியும் சார்.”

தாள் மேஜையிலேயே கிடந்தது. வகுப்பு இனி கிடையாது என்று அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கால் தானாக அந்தப் பக்கம் போனது. அறைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. வராந்தாவில், கதவுக்கு எதிரே, பதினோரு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் தாள், கையில் பென்சில். பேச்சுமூச்சு இல்லை. பூட்டிய கதவை வரைந்துகொண்டிருந்தார்கள்.

“யாரு வரச் சொன்னது?” என்றேன்.

பவித்ரா நிமிராமலே, “இன்னும் பத்து நிமிஷம் ஆவல மேடம். பாத்துகினு இருக்கோம்” என்றாள்.

நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். முதல்வர் வேகமாக வந்து கதவுக்கு முன்னால் நின்றார்.

“இங்க இன்னா நடக்குது?”

“வகுப்பு நடக்குது சார்.”

அவர் நகரவில்லை. கதவில் பாதி அவருக்குப் பின்னால் மறைந்துபோனது. பவித்ரா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவரையும் சேர்த்து வரைய ஆரம்பித்தாள்.