சத்தம் வராத அடி

கிரைம் படங்களில் தாடையில் விழும் ஒவ்வொரு குத்துக்கும் ஒலி கொடுப்பவர் சத்தக்காரர். ஈரத்தோல் சுற்றிய முட்டைக்கோஸை மரக்கட்டையால் ஓங்கி அறைவார். எலும்பு முறியும் சத்தத்துக்குக் கேரட்டை ஒடிப்பார். அரைத்த மாவையே அரைக்கும் அந்தப் படங்களுக்கு இன்றும் கூட்டம் அலைமோதுவதும் விசில் பறப்பதும் தன் முட்டைக்கோஸால்தான் என்று அவருக்குத் தலைக்கனம். ஊசி விழுந்தால் எத்தனை ஊசி என்று சொல்லும் காது வேறு.

அன்று மத்தியானம் அவர் தங்கை ஒரு கண் வீங்கி மூடிய முகத்தோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தாள்.

"அவருதான்ணா" என்றாள்.

சத்தக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. நேரே வீட்டுக்குப் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கை புருஷனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி, முப்பது வருஷமாகத் திரையில் பார்த்த மாதிரியே தாடையில் ஒன்று விட்டார். பல் தெறித்துத் தட்டில் விழுந்தது. ஆனால் ஈரத்துணி தரையில் விழுந்த மாதிரி ஒரு மொத்தல், அவ்வளவுதான். மறுபடியும் குத்தினார். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம் வழிந்தது. அதற்கும் சத்தம் இல்லை.

வீங்கிய தன் விரல்களைப் பார்த்தபடி, "என்னடா இது, ஒண்ணுமே கேக்கலையே!" என்றார்.

பின்னாலேயே ஓடிவந்த தங்கை வாசலில் நின்றாள்.

"கேக்காதுண்ணா. ஆறு வருஷமா இதே வீட்டுல அடி வாங்குறேன். மாடியிலதானே இருக்கே, உனக்கு ஒரு நாளாவது கேட்டுச்சா?"