எண்ணூற்று நாற்பது வெள்ளி லாபம்

இன்றைக்குக் கையில் இருக்கும் நூறு வெள்ளி, பத்து வருடம் கழித்து வரப்போகும் நூறு வெள்ளியைவிடப் பெரியது. இதற்கு நிகழ்கால மதிப்பு என்று பெயர். மலேசியாவில் ஒரு பேங்க்கில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்த எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இது ஒன்றுதான். அதனால் எல்லாவற்றுக்கும் இதையே போட்டுப் பார்ப்பேன். சொத்தைப் பல்லை இப்போதே பிடுங்குவதா, செலவைத் தள்ளிப்போடுவதா என்றுகூட. தள்ளிப்போட்டதில் பக்கத்துப் பல் இரண்டும் சேர்ந்து போயின.

பதினாறு வருடத்துக்கு முன் என் மனைவி நூர் பீவி இரண்டாயிரத்து அறுநூறு வெள்ளியை என் கையில் கொடுத்தாள். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்றுச் சேர்த்தது. நோட்டெல்லாம் தேங்காய்ப்பால் வாசம்.

"ரெண்டு பேருக்கும் ஹஜ்ஜுக்குப் பதிஞ்சிட்டு வாங்க. ஹிதாயா வீட்டுல நேத்தே பதிஞ்சிட்டாங்களாம்."

ஹிதாயா அவள் தங்கை. கணவர் ஸுஹைருக்குப் புலாவ் செபாங்கில் மளிகைக் கடை. கணக்கு வராத மனிதர்.

பதிய வேண்டுமானால் ஆளுக்கு ஆயிரத்து முந்நூறு வெள்ளி சேமிப்பில் கிடக்க வேண்டும். ஹஜ் ஆபீஸ் வாசல்வரை போனேன். அங்கே நின்று கணக்குப் போட்டேன். எப்படியும் பதிந்த வரிசையில் முறை வரப் பதினைந்து வருடமாகும். பணம் அதுவரை ஏன் தூங்க வேண்டும்? ஐந்து வருடம் நல்ல ஃபண்டில் போட்டுவிட்டு அப்புறம் பதிந்தால் என்ன குறைந்துவிடும்? வீட்டுக்கு வந்து, "பதிஞ்சாச்சு" என்றேன்.

கணக்குத் தப்பவில்லை. ஐந்து வருடத்தில் எண்ணூற்று நாற்பது வெள்ளி லாபம். அதில் துணி துவைக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். "கெட்டிக்கார மனுஷன்லா" என்று பீவி எங்கள் ஊர் பாயா ரும்புட் முழுக்கச் சொன்னாள். முதல் பணத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பதிந்தேன். அதிகாரி சொன்ன வருடத்தைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். என் பணம் வளர்ந்த வேகத்தைவிட வரிசை வேகமாக வளர்ந்திருந்தது. முறை வரும்போது எனக்கு நூற்று முப்பது வயது தாண்டியிருக்கும். காகிதத்தை மேஜை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

போன மாதம் ஹிதாயாவுக்கு ஹஜ் முறை வந்துவிட்டதென்று கடிதம் வந்தது. அன்றிலிருந்து தபால்காரர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே பீவி வாசல் கேட்டுக்கு ஓடுவாள், முட்டிவலியோடு.

நேற்று ஹிதாயாவும் ஸுஹைரும் பயணம் சொல்லிக்கொள்ள வந்தார்கள். போகிறவர்கள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம்.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்குங்க மச்சான்" என்றாள் ஹிதாயா.

"பொறுத்துக்கிட்டேன்மா." எவ்வளவு சுலபமாக வந்தது!

"எங்க லெட்டரும் இந்த வாரம் வந்துரும்டி. ஒரே நேரத்துலதானே பதிஞ்சோம்? அங்க எனக்கும் இடம் போட்டு வை" என்றாள் பீவி.

அவர்கள் போன பிறகு லாச்சியைத் திறந்து காகிதத்தை அவள் மடியில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பீவி தேதியைப் பார்த்தாள். வருடத்தைப் பார்த்தாள். விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"சீக்கிரம் அனுப்பச் சொல்லி முறையீடு எழுதிப் பார்க்கலாம் பீவி."

"முன்னாடி நிக்கிறவங்களை இடிச்சிக்கிட்டா?"

"வரிசையில்லாம போற உம்ரா யாத்திரைக்காவது..."

"உம்ரா வேற, ஹஜ் வேற." பின்கட்டுப் பக்கம் திரும்பி, "அந்த எண்ணூத்தி நாப்பதுதான் மெஷினா?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன். திட்டியிருக்கலாம். திட்டினால் பதிலுக்கு ஏதாவது கோமாளித்தனம் செய்து சமாளித்திருப்பேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

இன்று காலை பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. பீவி குழாயடியில் உட்கார்ந்து, ஹஜ்ஜுக்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளைத் தொழுகை அங்கியைக் கையால் கசக்கிக்கொண்டிருந்தாள். ஒருநாளும் உடுத்தாத அங்கி.

"பொறுத்துக்க பீவி" என்றேன்.

அவள் குழாயை மூடினாள். எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்தாள். தூக்கிவிட்டேன். ஈர அங்கியின் ஒரு முனையை என் கையில் திணித்துவிட்டு மறு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"முறுக்குங்க" என்றாள். "இன்னும் சொட்டுது."