அறுந்தால் ஜெயிக்கும் நூல்

நூல் அறுந்தால்தான் எனக்கு ஜெயம். அண்ணனுக்கு இதை விளக்காமல் விட்டது என் தப்பு.

கடலில் தொலையும் நண்டுக் கூண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தே நண்டுகளை அடைத்துச் சாகடிக்கின்றன. நைலான் மக்காது. கூண்டின் கதவை மக்கும் நூலால் கட்டினால், எண்பதிலிருந்து நூறு நாளுக்குள் நூல் அறுந்து கதவு திறக்கும், நண்டு தப்பிக்கும். அந்த நூலுக்காகச் சோதனைக்கூடத்தில் மூன்று வருஷம் மாரடித்தேன். கடலில் தேறாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

அண்ணனுக்கு நண்டு பிடிப்பதுதான் தொழில். இருபது கூண்டுகளை இறக்கி, பத்து நாளுக்கொரு தடவை தூக்கிப் பார்க்க ஒப்புக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் "நல்லா இருக்கு" என்று ஃபோனில் சொல்வான்.

நூறாவது நாள் நானும் படகில் போனேன். இருபது கதவுகளும் இறுக மூடியிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணனுக்கோ முகமெல்லாம் பல். ஒரு கதவை அவிழ்க்கப் பார்த்தேன், நகம்தான் பெயர்ந்தது. நிறம் என் நூலின் நிறம்தான். இழை நைலான், முடிச்சும் என்னுடையதில்லை.

"இதை யாருண்ணா கட்டினது?"

"தொண்ணூறாம் நாள் தூக்கினா எல்லாமே அறுந்து தொங்குதும்மா. உன்னைப் பாத்து நாலு பேர் சிரிக்கக் கூடாதுல்ல? அதான் நானே கட்டிட்டேன்."

கிழிசலைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது. அவனைக் கடலில் தள்ளிவிடவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. தள்ளுவதைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினேன்.

அண்ணன் வாக்கை வைத்தே அறிக்கையை முடிக்கலாம் என்றார் மேலாளர். பார்க்காததை எழுத மாட்டேன், ஒன்றாம் நாளிலிருந்து தொடங்குகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். இதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லி ஒப்புக்கொண்டார். வேறு ஆளைப் பார்க்கச் சொன்னாள் அண்ணி. அந்தக் கடலை அவனைப் போல் அறிந்தவர் இல்லை. அவனையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் கூடவே போனேன்.

தொண்ணூறாம் நாள் முதல் கூண்டு மேலே வந்தது. நூல் அறுந்து தொங்க, கதவு திறந்திருந்தது. வாசலில் கையகல நண்டு ஒன்று. அண்ணன் கை தன்னால் நீண்டது. அவனே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். நண்டு விளிம்பேறித் தண்ணீரில் விழுந்தது.

"எழுதிக்கோ," என்றான். "தானா அறுந்துச்சு. நான் தொடல."

மிச்சம் பத்தொன்பதையும் நான்தான் இழுத்தேன். அவன் கட்டிய கையை அவிழ்க்கவே இல்லை. இருபதும் திறந்திருந்தன.